தீக்காய வார்டுகள் சேர்ந்து ஒரே ஆய்வு நடத்தக் கூடாதா?

தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளின் பிளாஸ்டிக் சர்ஜரி, பொது அறுவைச் சிகிச்சைத் துறைத் தலைவர்களுக்கும், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கும், மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கும் (ஐசிஎம்ஆர்)

வணக்கம்.

தீக்காயத்துக்கு எந்தக் கட்டு நல்லது, எந்த மருந்து சீக்கிரம் ஆற்றும் என்று நம் மருத்துவக் கல்லூரிகளில் ஆய்வு நடந்துகொண்டுதான் இருக்கிறது. நடக்கவில்லை என்று குறை சொல்ல நான் வரவில்லை, நடக்கிற விதத்தைப் பற்றித்தான் இந்த மடல். ஒரு பிஜி (மருத்துவ மேற்படிப்பு) மாணவர் தன் ஆய்வேட்டுக்காக முப்பது பேருக்கு ஒரு கட்டு, இன்னொரு முப்பது பேருக்கு வேறொரு கட்டு என்று போட்டுப் பார்க்கிறார், எழுதிக் கொடுக்கிறார், பட்டம் வாங்கிக்கொண்டு போகிறார். அப்புறம் வேறொரு ஊரில் இன்னொருவர் கிட்டத்தட்ட அதே கேள்வியை முதலிலிருந்து தொடங்குகிறார். இத்தனை ஆய்வுக்குப் பிறகும் காலையில் டிரெஸ்ஸிங் டிராலியில் வந்து நிற்பது பெரும்பாலும் பழைய வெள்ளைக் களிம்புதான். அரசு தீக்காயப் பிரிவுகள் எல்லாம் சேர்ந்து ஒரே கேள்வியை, ஒரே முறையில், பதில் கிடைக்கும் அளவுக்குப் போதுமான நோயாளிகளை வைத்துக் கேளுங்கள். என் கோரிக்கை இவ்வளவுதான், ஆனால் அதற்குள் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

நான் அரசு மருத்துவமனையில் தீக்காய வார்டுச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். டாக்டர் இல்லை, ஆராய்ச்சியாளரும் இல்லை. ஆய்வில் சேர்ந்த நோயாளிக்குக் கட்டுப் பிரித்து, கழுவி, மறுபடி கட்டியது எங்கள் கைகள். டிராலி உருளும் சத்தம் கேட்டதுமே அழ ஆரம்பிக்கிற பிள்ளைகளையும், "சிஸ்டர், இன்னைக்கு ஒருநாள் விட்டுடுங்களேன்" என்று கெஞ்சுகிற பெரியவர்களையும் தாண்டித்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். அந்த நிலையிலும் ஒருவர் "சரிம்மா, என்னையும் சேத்துக்குங்க, யாருக்காவது உதவட்டும்" என்கிறார். அவர் கொடுத்ததற்கு ஈடாக ஒரு உறுதியான பதிலாவது வெளியே வர வேண்டாமா?

அந்த வெள்ளைக் களிம்பு, சில்வர் சல்ஃபாடையசின், 1960களின் கடைசியில் வந்தது. அன்று அது பெரிய வரம். தீக்காயப் புண்ணில் சீழ் வைத்து, கிருமி ரத்தத்தில் ஏறி ஆட்கள் இறந்துகொண்டிருந்த காலம் அது. ஆனால் அதன் குறைகளும் எல்லோருக்கும் தெரியும். புண்ணின் மேல் மஞ்சளாக ஒரு படலம் படியும், அதைத் தேய்த்து எடுக்காமல் அடியில் காயம் எவ்வளவு ஆழம் என்று டாக்டருக்கே தெரியாது, தேய்த்து எடுப்பது என்பது தினமும் ஒரு சித்திரவதை. 2013-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் குழு, மேலோட்டமான, அரை ஆழ (தோலின் முழு ஆழத்துக்கும் போகாத) தீக்காயங்களுக்கான கட்டுகளைப் பற்றி 30 ஆய்வுகளை அலசி ஒரு அறிக்கை வெளியிட்டது. புண் ஆறுவதில் இந்தக் களிம்பு மற்ற பல புதிய கட்டுகளைவிடத் தொடர்ந்து பின்தங்கியே இருக்கிறது என்று அதில் இருந்தது. அதோடு அவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறியவை, நடத்திய முறையில் ஓட்டைகள் இருக்கின்றன, எனவே அடித்துச் சொல்ல முடியவில்லை என்று. எனக்குக் கோபம் வருவது இந்த இரண்டாவது வாக்கியத்தைப் படிக்கும்போதுதான். முப்பது ஆய்வு, அதில் எத்தனை ஊர், எத்தனை பேருடைய வலி, கடைசியில் அடித்துச் சொல்ல முடியவில்லை.

இந்தியாவிலிருந்து நல்ல யோசனைகள் வராமல் இல்லை. 1991-இல் மகாராஷ்டிரத்திலிருந்து சுப்ரமண்யம் என்ற மருத்துவர் 104 பேரை வைத்துத் தேனையும் இந்தக் களிம்பையும் ஒப்பிட்டு பிரிட்டிஷ் அறுவைச் சிகிச்சை இதழில் எழுதினார், தேன் போட்டவர்களுக்குச் சீக்கிரம் ஆறியது. பம்பாயில் கேஸ்வானி என்ற மருத்துவர் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைக் கட்டாகப் பயன்படுத்திக் காட்டினார். அதே ஊரின் சயான் மருத்துவமனையில் மாதுரி கோரே வாழை இலையை ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கருவியில் வைத்துச் சுத்தப்படுத்திக் கட்டிப் பார்த்து 2003-இல் எழுதினார், பிரிக்கும்போது வலி மிகக் குறைவு, உருளைக்கிழங்குத் தோலைவிடச் செலவும் குறைவு. நம் ஊரில் வெந்துபோன உடம்பை வாழை இலையில் கிடத்துவது பாட்டி காலத்து வழக்கம், அதை முறைப்படி சோதித்துப் பார்த்து ஒருவர் எழுதினார் என்றதும் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் கொலாஜன் என்ற புரதத்தால் ஆன படலம் ஒன்றை உருவாக்கியது. ஒருமுறை சரியாக ஒட்டிவிட்டால் தினமும் பிரிக்க வேண்டியதில்லை, கீழே தோல் வளர வளர அது தானாக உரிந்துவிடும். ஆனால் சீழ் இருந்தால் ஒட்டாது, ஆழமான காயத்துக்கு ஆகாது, விலையும் கூட.

சரி, இத்தனை இருந்தும் ஏன் தெளிவான பதில் இல்லை? ஒரு காரணம், ஆய்வுக்கு ஆய்வு "ஆறியது" என்பதற்கே வேறு வேறு கணக்கு. ஒருவருக்கு முழுவதும் தோல் மூடினால்தான் ஆறியது, இன்னொருவருக்கு கிராஃப்ட் வைக்க, அதாவது வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்ட, புண் தயாரானாலே போதும். இரண்டையும் எப்படிக் கூட்ட முடியும்? அப்புறம், யாருக்கு எந்தக் கட்டு என்று பிரிப்பதில் இருக்கிறது இன்னொரு சிக்கல். ஒற்றைப்படை நாளில் வந்தவருக்கு இது, இரட்டைப்படை நாளில் வந்தவருக்கு அது என்று பிரித்தால், வருகிறவருக்கு எது விழும் என்று சேர்க்கிறவருக்கு முன்பே தெரிந்துவிடும். காயம் மோசமாக இருக்கும் ஒருவரை "இவரை நாளைக்குச் சேர்த்துக்கொள்ளலாம்" என்று தள்ள மனசு போகும், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலே போகும். ஆறிவிட்டதா என்று பார்த்துச் சொல்வதும் பெரும்பாலும் அதே டாக்டர்தான். களிம்பு வெள்ளையாகத் தெரியும், கொலாஜன் படலம் ஒட்டியிருப்பது தெரியும், எது எதுவென்று மறைக்க வழியில்லை. அதனால் புண்ணைக் கழுவிய பிறகு ஒரு போட்டோ எடுத்து வேறு கல்லூரியில் இருக்கும், எந்தக் கட்டு என்று தெரியாத ஒருவரிடம் காட்டித்தான் முடிவு சொல்லச் சொல்ல வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஆகாது, இன்னொரு கல்லூரியோடு கைகோக்க வேண்டும், அவ்வளவுதான்.

எண்ணிக்கை விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மொத்தப் பிரச்சினையும் அங்கேதான் முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது. ஒரு அளவு தீக்காயத்தில் 100 பேரில் 30 பேர் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு புது சிகிச்சை அதை 25 ஆகக் குறைக்கிறது. நூற்றுக்கு ஐந்து உயிர், சின்ன விஷயமா? ஆனால் இதை நம்பகமாகக் கண்டுபிடிக்க வழக்கமான புள்ளியியல் கணக்கில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 1,250 பேர், இரு பக்கமும் சேர்த்து 2,500 பேர் வேண்டும். முப்பது முப்பதாகப் போட்டால் ஒரு பக்கம் 9 பேர், மறுபக்கம் 7 பேர் என்று வரும், அது தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம். அதனால்தான் சிறிய ஆய்வுகள் பெரும்பாலும் இறப்பைப் பற்றிக் கேட்பதே இல்லை. உடம்பில் 15, 20 சதவீதம் வெந்தவர்களை எடுத்துக்கொண்டு எத்தனை நாளில் ஆறியது என்று மட்டும் பார்க்கின்றன, ஐம்பது அறுபது சதவீதத்தோடு வருகிறவர் ஆய்வுக்கு வெளியிலேயே கிடக்கிறார். சிறிய ஆய்வை நம்பி ஏமாந்த கதையும் இருக்கிறது. குளுட்டமின் என்ற சத்துப்பொருளைக் குழாய் வழியாகக் கொடுத்தால் பெரிய தீக்காயக்காரர்கள் பிழைப்பார்கள், தொற்று குறையும் என்று சிறு ஆய்வுகள் நம்பிக்கை கொடுத்தன. பல நாடுகளின் 54 தீக்காய மையங்கள் சேர்ந்து 1,209 பேரை வைத்துப் பார்த்து 2022-இல் முடிவை வெளியிட்டன, உயிரோடு வீடு திரும்பும் நாளில் எந்த முன்னேற்றமும் இல்லை. சேர்ந்து கேட்டதால்தான் அந்தப் பதில் கிடைத்தது.

"நம் வார்டில் அதற்கெல்லாம் எங்கே நேரம், ஆள் எங்கே?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு நைட் டியூட்டியில் எத்தனை நோயாளிக்கு எத்தனை செவிலியர் என்பது எனக்குத் தெரியாததா? ஆனால் விபத்தில் ரத்தம் போகிறவர்களுக்கு, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த கிராஷ் 2 ஆய்வு நெரிசலான அவசரப் பிரிவுகளில்தான் நடந்தது. 40 நாடுகள், 274 மருத்துவமனைகள், 20,211 நோயாளிகள், அதில் இந்திய மருத்துவமனைகளும் உண்டு. எப்படி முடிந்தது என்றால் கேள்வி ஒன்றே ஒன்று, நிரப்ப வேண்டிய படிவம் சின்னது. 2010-இல் வந்த அந்த முடிவால் ஒரு மலிவான ஊசி உலகமெங்கும் உயிர்களைக் காப்பாற்றுகிறது. பெரிய ஆய்வு என்றால் பெரிய படிவம் என்று அர்த்தம் இல்லை.

இன்னும் பக்கத்தில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கத்துத் தீக்காயப் பிரிவை இந்த மாநிலத்தில் தெரியாதவர்கள் குறைவு. அதற்கு அடுத்த பகுதியான சேத்துப்பட்டில்தான் 1956-இல் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. அன்று காசநோய் என்றால் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் படுக்கை, நல்ல காற்று, நல்ல சாப்பாடு வேண்டும் என்பது உலக வழக்கு. நம் ஏழைகளுக்கு அத்தனை படுக்கைக்கு எங்கே போவது? 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியினருக்கு சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு அவரவர் வீட்டிலேயும் ஒரே மருந்தைக் கொடுத்து ஒப்பிட்டார்கள். நெருக்கடியான சின்ன வீடுகளில், குறைந்த சாப்பாட்டோடு இருந்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குணம் கிடைத்தது. 1959-இல் வந்த அந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையை மாற்றியது. வீட்டில் இருந்த மற்றவர்களுக்கு நோய் பரவுகிறதா என்று ஐந்து ஆண்டுகள் விடாமல் போய்ப் பார்த்தார்கள். ஐசிஎம்ஆர், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் கைகோத்து இதே ஊரில் செய்த வேலை அது. காசநோய்க்கு முடிந்தது தீக்காயத்துக்கு ஏன் முடியாது? தீக்காயக்காரர்களுக்குக் குரல் கொடுக்க ஆள் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. 2009-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு கணக்குப்படி 2001-இல் மட்டும் இந்தியாவில் தீயால் இறந்தவர்கள் 1,63,000-க்கு மேல், அதில் 1,06,000 பேர் பெண்கள், அவர்களிலும் பெரும்பாலோர் 15-லிருந்து 34 வயதுக்குள்.

இனி, எதை அளப்பது என்பது. புண் மூடிய நாளோடு ஆய்வு முடிந்துவிடுகிறது, நோயாளியின் கஷ்டம் அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. கழுத்துத் தழும்பு இறுகி முகவாய் நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும், விரல்கள் உள்ளே மடங்கும், ராத்திரி முழுக்க அரிப்பு தூங்க விடாது. டிஸ்சார்ஜ் ஆகும்போது "நல்லா ஆறிடுச்சு" என்று கேஸ் ஷீட்டில் எழுதிய ஒரு பெண் ஆறு மாதம் கழித்து, கையைத் தூக்கித் தலைசீவ முடியாமல் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் வெந்துபோன ஒரு தொழிலாளிக்கு 14 நாளில் ஆறியதா 18 நாளில் ஆறியதா என்பதைவிட, மறுபடி கையால் வேலை செய்ய முடிந்ததா என்பதுதான் முக்கியம். பிரிட்டனின் பிரிஸ்டல் ஆய்வாளர்கள் பல நாட்டு நோயாளிகளையும் மருத்துவர்களையும் கேட்டு எல்லாத் தீக்காய ஆய்வுகளும் அளக்க வேண்டிய ஏழு விஷயங்களைத் தொகுத்திருக்கிறார்கள். இறப்பு, கடுமையான சிக்கல், அன்றாட வேலைகளைச் செய்யும் திறன், புண் ஆறுவது, நரம்பு வலியும் அரிப்பும், மனநிலை, வேலைக்கோ பள்ளிக்கோ திரும்புவது. அந்த ஏழையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாமே, நாம் புதிதாக யோசிக்கக்கூட வேண்டியதில்லை.

"நோயாளிகள் திரும்பி வருவதில்லை" என்பார்கள். எப்படி வருவார்கள்? ஒருநாள் கூலி போகும், கூட வருகிறவரின் கூலியும் போகும், பஸ்ஸில் முகத்தைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போவார். அதனால் நாம்தான் போக வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே போய் பிபி, சுகர் மாத்திரை கொடுக்கிறார்கள், பிசியோதெரபி செய்கிறவர்களும் போகிறார்கள். தீக்காயத்திலிருந்து வீடு திரும்பியவர் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்த்து, மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஓராண்டு முடிவில் அந்த பிசியோதெரபிஸ்ட் போய் மூட்டு எவ்வளவு மடங்குகிறது, அரிப்பு எப்படி, வேலைக்குப் போகிறாரா என்று குறித்து வரட்டும். ஆய்வும் நடக்கும், அந்த வீட்டுக்கு ஒரு பயிற்சியும் கிடைக்கும். இந்த ஏற்பாடு கையில் இருக்கும் மாநிலங்கள் அதிகம் இல்லை, பயன்படுத்தாமல் விடுவது எனக்கு மனசு ஆறவில்லை.

அடுத்து ஒப்புதல். இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை, அதனால் நான் பேசுகிறேன். எரிந்த நிலையில் ஒரு இளம்பெண்ணைக் கொண்டுவருகிறார்கள், கூட வந்தவர்கள் "ஸ்டவ் வெடிச்சிருச்சு" என்கிறார்கள். மாஜிஸ்திரேட் வந்து வாக்குமூலம் எடுக்கிறார். கல்யாணம் ஆகி ஏழு ஆண்டுக்குள் அவள் இறந்துபோனால் ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை வரும். இந்தச் சூழலில் ஆய்வில் சேர்க்க ஒப்புதல் படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போடுவது யார்? பெரும்பாலும் கணவர், இல்லையென்றால் மாமனார். சில நேரம் அவள் யாருக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லையோ அவரே. எல்லாக் கணவர்களையும் நான் குற்றம் சொல்லவில்லை, ராப்பகலாகக் கூடவே உட்கார்ந்திருந்த கணவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் விதி என்று ஒன்று எழுதும்போது அந்தப் பயந்த பெண்ணை நினைத்துத்தான் எழுத வேண்டும். அவள் பேசும் நிலையில் இருந்தால் அவளிடமே கேளுங்கள், புகுந்த வீட்டார் யாரும் இல்லாத நேரத்தில், ஒரு பெண் செவிலியர் பக்கத்தில் இருக்க. கை முழுக்கக் கட்டு இருப்பதால் கையெழுத்துப் போட முடியாவிட்டால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னால் வாய்வார்த்தையாகச் சம்மதம் வாங்குங்கள். பேசும் நிலையில் இல்லை, போலீஸ் விசாரணை இருக்கிறது என்றால் கணவர் வீட்டுக் கையெழுத்தை ஏற்காதீர்கள், பிறந்த வீட்டாரைக் கேளுங்கள், அவள் தெளிந்ததும் அவளிடம் மறுபடி கேளுங்கள், வேண்டாம் என்றால் அந்த நிமிஷமே விட்டுவிடுங்கள். ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்கள் இதை ஆய்வுத் திட்டத்திலேயே எழுத்தில் கேட்க வேண்டும்.

முதல் ஆய்வுக்கு எந்தக் கேள்வி என்றால், என் தேர்வு அரை ஆழக் காயங்களில் வெள்ளைக் களிம்பா, கொலாஜன் படலமா என்பதுதான். வாழை இலையை மூன்றாவது பிரிவாகச் சேர்த்தால் இன்னும் நல்லது, விற்கிற கம்பெனி இல்லாததால் அதை ஆராய அரசைத் தவிர வேறு யாரும் பணம் போட மாட்டார்கள். வெந்த தோலைச் சில நாட்களுக்குள் சீவி எடுத்து கிராஃப்ட் போடும் சிகிச்சை பற்றிய கேள்வி இன்னும் பெரியது. மூச்சுக்குழாய் வேகாதவர்களிடம் அது இறப்பைக் குறைக்கிறது என்று பழைய ஆய்வுகளின் தொகுப்பு 2006-லேயே சொன்னது. ஆனால் அதற்கு தினமும் ஆபரேஷன் தியேட்டர் வேண்டும், ரத்தம் நிறைய வேண்டும், தோல் வங்கியில் தோல் வேண்டும். இறந்தவரிடமிருந்து ஆறு மணி நேரத்துக்குள் தோலை எடுத்து கிளிசரினில் வைத்தால் ஐந்து ஆண்டு வரை இருக்கும், ரத்தப் பிரிவு பொருந்த வேண்டும் என்ற தேவைகூட இல்லை. அந்த வசதிகளை முதலில் கொடுத்துவிட்டு அந்த ஆய்வுக்கு வாருங்கள், வசதி இல்லாமல் தொடங்கினால் பாதியில் நிற்கும்.

களிம்புக் கேள்வியை நான் முதலில் வைப்பதற்கு இன்னொரு காரணம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தை மொத்தமாக வாங்கிக் கொடுப்பது 1994-இல் தொடங்கப்பட்ட அந்தக் கழகம்தான். இங்கே ஒரு ஆய்வு தெளிவாக முடிந்தால் அந்தக் கொள்முதல் பட்டியலில் ஒரு வரியை மாற்றினால் போதும், கன்னியாகுமரி முதல் கிருஷ்ணகிரி வரை எல்லா வார்டு டிராலியிலும் அது வந்து சேரும். களிம்பே நல்லது என்று முடிவு வந்தால் அதுவும் நல்ல செய்திதான், அதையும் முழுசாக வெளியிடுங்கள்.

பிஜி மாணவர்களின் பட்டத்துக்கு இதனால் எந்தக் குறையும் வராது. பெரிய ஆய்வுக்குள் ஒருவர் அரிப்பை எடுத்துக்கொள்ளட்டும், ஒருவர் கட்டுப் பிரிக்கும்போது உள்ள வலியை, ஒருவர் செலவை, ஒருவர் குழந்தைகளை மட்டும். அவரவர் ஆய்வேடு அவரவருக்கு, நோயாளிகளின் எண்ணிக்கை எல்லோருக்கும் சேர்ந்து. அடுத்த தொகுதி மாணவர்களின் தலைப்புகளுக்கு அனுமதி கொடுப்பதற்கு முன்னால் துறைத் தலைவர்களை எல்லாம் ஒருநாள் சென்னையில் கூட்டுங்கள். அந்தக் கூட்டத்துக்குத் தீக்காய வார்டுச் செவிலியர் சிலரையும், பிழைத்து வீடு திரும்பியவர்கள் சிலரையும் கூப்பிடுங்கள், அவர்களுடைய பஸ் கட்டணத்தையும் அன்றைய கூலியையும் செலவுக் கணக்கிலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தீக்காய வார்டுச் செவிலியர் ஒருவர்